காசு கட்டிப் படித்த விளம்பரம்

நான் மன்னாரில் சிறு வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. ஏழாம் வாய்ப்பாட்டைப் பாடமாக்காத பிள்ளையை இடைவேளைக்கு வெளியே விடாத ஆள். அந்தப் பாவம்தான் கடைசியில் என் தலையில் வந்து விடிந்தது என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லுவார். சொல்லட்டும். அவர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

சங்கதி மகனின் கல்யாணப் பேச்சில் தொடங்கியது. கொழும்பில் ஒரு வங்கியில் வேலை செய்தபோது, கூட வேலை செய்த பிள்ளையொன்றை அவன் விரும்பினான். சிலாபத்துப் பக்கம், கடலோரத்துச் சிங்களக் குடும்பம். எங்களைப் போலவே வேதக்காரர். தகப்பன் இல்லை. தாயும் ஒரே மகளும்தான். எனக்கு மறுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மடு மாதா கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் வருகிற சனம், மீனும் சோறும் தின்கிற சனம், வேறென்ன வேண்டும்? மகனுக்கு மன்னாருக்கு மாற்றம் கிடைக்கவிருந்தது. இரண்டு பேரும் எங்களோடுதான் இருக்கப்போகிறார்கள் என்று, நான் ஜன்னல் சீலைக்குத் துணிகூடப் பார்த்துவிட்டேன்.

ஆனால் பிள்ளையின் தாய் நாள் குறிக்க விடவில்லை. அவரை இப்போதே சம்மந்தி என்று சொல்லிவிடுகிறேன். அப்போது அவர் எங்களுக்குச் சம்மந்தி ஆகியிருக்கவில்லை. ஆவாரா என்பதுதான் கேள்வி. மகன் ஒரு நாள் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னான்.

"அம்மா, அவவுக்கு உங்களில கோபம் ஒண்டும் இல்ல. பயம். ஒரே பிள்ளையைப் பாஷை தெரியாத இடத்துக்கு அனுப்பிப்போட்டு, அங்க அவளுக்கு ஒண்டெண்டால் ஆர் பாக்கிறது எண்டு அழுகிறாவாம்."

"நான் பாப்பன் எண்டு சொல்லு."

"சொன்னனான். அவவின்ர மகளும் சொன்னவ. நீங்கள் ரெண்டு பேரும் அப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு சொல்லுறாவாம்."

அவர் கேட்டதில் பிழை இல்லை. எனக்கு ஒரே மகள் இருந்து, அவளைச் சிலாபத்துக்குக் கட்டிக் கொடுப்பதென்றால் நானும் அழுதுதான் இருப்பேன். யாருக்காகப் பயப்படுகிறாரோ அந்தப் பிள்ளையின் வாயாலேயே ஆறுதல் கேட்டால் பயம் போகுமா? என் மகன் சொன்னாலும் அதே கதைதான். நான் சொல்ல வேண்டும். என்னுடைய வாயால், அவருடைய பாஷையில், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் சிங்களம் படிப்பது என்று முடிவு கட்டினேன்.

வீட்டிலேயே சிங்களம் தெரிந்த ஒருவர் இருக்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். என் கணவர் படகு இயந்திரங்கள் திருத்துகிறவர். சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் பருவத்துக்கு வந்து, கடற்கரையில் கொட்டில் போட்டுத் தொழில் செய்கிறவர்கள் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு இவரிடம்தான் வருவார்கள். அதனால் இவருடைய சிங்களத்தில் பாதி இயந்திரத்தின் உறுப்புகள். மற்றப் பாதி, இயந்திரம் கிளம்பாதபோது அதைப் பார்த்துச் சொல்லுகிற வார்த்தைகள். சம்மந்தியிடம் பேசுவதற்கு அந்த இரண்டும் உதவாது.

ஆகவே மகன் லீவில் வந்தபோது என் கைத்தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டுத் தந்தான். பாஷை படிப்பிக்கும் செயலி. முதலில் இலவசமாகத்தான் படித்தேன். நான் பட்ட பாடு! "வத்துர என்றால் தண்ணீர்" என்று ஒரு சொல்லைப் படித்து முடிக்க முன்னர் திரை மாறும். ஒரு ராசா, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் அறைக்குள் அகப்பட்டுக் கத்துவார். அவரைக் காப்பாற்ற ஊசியை இழுக்க வேண்டுமாம். அவர் சாகட்டும் என்று மூடப் பார்த்தால், மூடுகிற அடையாளம் எறும்புத் தலையளவில் ஒரு மூலையில் இருக்கும். என் விரல் அதில் பட்டால் ராசா போய்க் கடன் தருகிறவன் வருவான். கடன்காரன் போய் முகப்பூச்சு வரும். அதற்குள் தண்ணீருக்குச் சிங்களத்தில் என்ன என்பது எனக்கு மறந்துவிடும்.

பேக்கரியிலிருந்து எங்கள் தெருவுக்கு வருகிற பாண் ஓட்டோவும் விளம்பரம்தான் செய்கிறது. பாட்டைப் போட்டுக்கொண்டு வரும். வேண்டியவர்கள் வெளியே வந்து பாண் வாங்குவார்கள். வேண்டாதவர்கள் உள்ளே இருப்பார்கள். அது தன்பாட்டில் போய்விடும். அந்த ஓட்டோக்காரர் ஒரு நாளாவது என் குசினிக்குள் வந்து, நான் கறி கிளறுகிற அகப்பையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாரா? அந்த மரியாதை இந்தத் தொலைபேசிக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினேன்.

"பிரீமியம் எடுத்தால் விளம்பரம் வராதம்மா. நான் என்ர கார்ட்டில கட்டிவிடுறன்" என்றான்.

"நீ ஏன் கட்டுறாய்? படிக்கிறது நான். காசை நான் உனக்கு அனுப்புவன்."

அப்படியே நடந்தது. அடுத்த நாள் செயலியைத் திறந்தால் என் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கிரீடம். ராசாவைக் காணவில்லை. அவருடைய கிரீடத்தைக் கழற்றி எனக்கு வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு இடையூறும் இல்லாமல் பாடம் போனது. எனக்குப் பரம சந்தோசம். காலையில் தேத்தண்ணியோடு விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து, போனான், வந்தான், உண்டான் எல்லாவற்றையும் சிங்களத்தில் சொல்லிப் பார்ப்பேன். கேற்றடியில் நிழலுக்கு ஒதுங்கி நிற்கிற கழுதைகள் காதை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும். என் வகுப்புகளில் இருந்த சில பிள்ளைகளை விட அவை அமைதி.

அந்தக் கிழமை முடியும்போது ஒரு புதுப் பாடம் வந்தது.

ஒரு வீடு. வெளியே மழை. சேலை கட்டிய பெண்ணொருத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கூரையிலிருந்து வாளிக்குள் தண்ணீர் சொட்டுகிறது. வாசலில் ஒரு மனிதர் வந்து நிற்கிறார். நல்ல முகம், கன்னத்தில் குழி. அவர் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுகிறார்: "வஹலென் வத்துர பேரெனவத? பய வென்ன எபா. அபி இன்னவா, ஒயத் எக்க." பெண்ணின் முகம் மலர்கிறது. மழை நிற்கிறது. ஒரு பெயின்ட் தகரத்தைக் காட்டுகிறார்கள், ஒரு பொம்பிளைக் குரல் மெல்லப் பாடுகிறது. பிறகு அடுத்த பாடத்துக்குப் போகிற பொத்தான் வருகிறது.

நான் அதைப் பாடம் என்றுதான் நினைத்தேன். ஏன் நினைக்க மாட்டேன்? காசு கட்டியாயிற்று. விளம்பரம் வராது என்று சொல்லியாயிற்று. தலையில் கிரீடமும் இருக்கிறது. இனி அந்தத் திரையில் எது வந்தாலும் அது பாடம்தானே! மனிதர் நிறுத்தி நிதானமாகச் சொன்ன விதமும் வகுப்பில் உரையாடல் பாடம் நடத்துவது போலவே இருந்தது. பெயின்ட் தகரம் மட்டும் கொஞ்சம் இடித்தது. கூரை ஒழுகினால் எதையாவது பூசத்தானே வேண்டும், பாடத்துக்குப் பொருத்தம்தான் என்று விட்டுவிட்டேன்.

அதன் கருத்தையும் நானாகவே பிரித்துக் கண்டுபிடித்தேன். வத்துர தண்ணீர். அது கூரையிலிருந்து வடிகிறதை வாளி காட்டுகிறது. எபா என்றால் வேண்டாம், அது முன்னமே படித்தது. பய என்பது நம்முடைய பயம்தான், அதற்கு அகராதி தேவையில்லை. அபி நாங்கள். இன்னவா இருக்கிறோம். சேர்த்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூரையால் தண்ணீர் ஒழுகுகிறதா? பயப்படாதே. நாங்கள் இருக்கிறோம், உன்னோடு. கூரையை விட்டுப்பார்த்தால், நான் சம்மந்தியிடம் சொல்ல ஆசைப்பட்டது இதைத்தானே! மாதா எனக்கென்றே பார்த்துப் போட்ட பாடம் என்று நினைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னாலும் அது வந்தது. எனக்கு அந்தச் செயலியில் மதிப்புக் கூடிவிட்டது. மீட்டல் இல்லாமல் படிப்பு இல்லை என்று நான் வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! இவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. அந்த மனிதர் சொல்லச் சொல்ல நானும் கூடச் சொன்னேன். குழி விழுகிற கன்னமில்லாத குறையைத் தவிர, மற்றப்படி அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, குரலைத் தாழ்த்துகிற இடத்தில் தாழ்த்தி, அச்சொட்டாகப் படித்துவிட்டேன். மீன் கழுவும்போது சொன்னேன். கழுதையைக் கேற்றடியிலிருந்து விலக்கும்போதும் பயப்பட வேண்டாம் என்று அதற்குச் சிங்களத்தில் சொன்னேன். அது விலகவில்லை.

ஒரு நாள் கணவர் கிறீஸ் கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணிக்கு வந்தார். கோப்பையை நீட்டிக்கொண்டே, பெருமை தாங்காமல், முழுவதையும் ஒரே மூச்சில் அவருக்குச் சொல்லிக் காட்டினேன்.

அவர் கோப்பையை வாங்கவில்லை.

"உதை எங்க பிடிச்சனீர்?"

"பாடத்தில. ஏன், உச்சரிப்புப் பிழையோ?"

"உது கூரைப் பெயின்ட் விளம்பரமெல்லே! கொட்டில்ல பெடியள் ரேடியோ போட்டால் உதுதான் போய்க்கொண்டிருக்கும்."

பிறகு சிரிக்கத் தொடங்கினார். முதலில் நின்றுகொண்டு சிரித்தார். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் உட்கார்ந்து, தொடையில் அடித்து, கண்ணைத் துடைத்துச் சிரித்தார்.

"அது எப்பிடி விளம்பரமாகும்? நான் காசு கட்டியெல்லோ படிக்கிறன்!"

"கட்டினபடியாத்தான் நீர் முழுசாப் பாத்திருக்கிறீர். கட்டாத சனம் ஒருத்தரும் உதைக் கடைசிவரைக்கும் பாத்திருக்காதுகள்."

அந்த வார்த்தை எனக்கு நெஞ்சில் ஏறிவிட்டது. உண்மை அதுதான். இலவசமாகப் படித்தபோது ராசாவையும் கடன்காரனையும் மூடித் தள்ளிய நான், காசு கொடுத்த பிறகு ஒரு பெயின்ட் வியாபாரியை வாத்தியாராக வைத்துக் கும்பிட்டிருக்கிறேன். மீன் சந்தையில் துப்புரவாக்கிய மீனுக்குக் காசு வாங்கிக்கொண்டு, குடலையும் செதிலையும் அடியில் போட்டுக் கட்டித் தந்தால் நான் சும்மா வருவேனா? அந்த மனிதனின் மேசையில் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுத்தான் வருவேன். இங்கே கவிழ்த்துக் கொட்ட ஒரு மேசைகூட இல்லை.

மகனைக் கொண்டு முறைப்பாடு எழுதுவித்தேன். நான் சொன்னதையெல்லாம் அவன் எழுதவில்லை, பாதியைத்தான் எழுதினான் என்பது எனக்குத் தெரியும். பதில் உடனேயே வந்துவிட்டது. மனிதர் எவரும் அவ்வளவு சுறுக்காகப் பதில் எழுத மாட்டார்கள். மகன் வாசித்துச் சொன்னான்.

"உங்கட கருத்து தங்களுக்கு மிகவும் பெறுமதியானதாம்."

"சரி, மிச்சத்தை வாசி."

"அது விளம்பரம் இல்லையாமம்மா. பங்காளர்களின்ர செய்தியாம். பிரீமியத்தில விளம்பரம்தான் வராதாம், பங்காளர் செய்தி வருமாம்."

"அந்தப் பங்காளருக்கும் எனக்கும் எப்ப பங்கு பிரிச்சது?"

"அதுவும் வரக்கூடாதெண்டால் பிரீமியம் பிளஸ் எடுக்கச் சொல்லுகினம்."

பிரீமியம் பிளஸ் எடுத்தால் கிரீடத்தில் ஒரு கல்லும் வைப்பார்களாம். நான் தொலைபேசியை அலுமாரிக்குள் துவாய்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். கூப்பிடுகிறவர்கள் கணவரைக் கூப்பிடட்டும். அந்த வசனத்தை இனி என் வாயால் சொல்வதில்லை என்று சபதமும் எடுத்தேன். சம்மந்தியிடம் போய் விளம்பரம் சொன்னால், சிங்களம் தெரியாத பட்டிக்காட்டுப் பொம்பிளை ரேடியோவைக் கேட்டுக் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்கிறாள் என்று நினைக்க மாட்டாரா? ஏற்கெனவே பயந்திருக்கிற மனுசி. இது என்ன வீடு என்று இன்னும் பயந்துவிடுவார்.

கோபம் தணிந்த பிறகு அலுமாரியைத் திறந்தேன். மகன் தன் குரலில் சில சிங்கள வசனங்களைப் பதிவு செய்து அனுப்பியிருந்தான். வாங்கோ, இருங்கோ, பயணம் சுகமா, உங்கட பிள்ளை எனக்கும் பிள்ளைதான். இந்தக் கடைசி வசனத்தைத்தான் அந்த விளம்பரத்துக்குப் பதிலாக வைத்துக்கொண்டேன். ஆனால் அது கன்னத்தில் குழி விழுகிறவர் சொன்னது போல மனதில் ஏறவில்லை. என் மகன் தாய்க்குப் படிப்பிக்கிற ஆள் இல்லை. வேகமாகச் சொல்லித் தள்ளுகிறவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சோளகக் காற்று வீசுகிற மாதம். கடலிலிருந்து வருகிற காற்று விறாந்தைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சம்மந்தியையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வான் வந்து நின்றபோது கேற்றடியில் கழுதைகள் வழியை மறித்துக்கொண்டு நின்றன. சம்மந்தி வானை விட்டு இறங்காமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த, உயரமான மனுசி. ஒரு கையில் குடை, மறு கையில் வாழைப்பழச் சீப்புகள் நிறைந்த பை. கணவர் கழுதைகளைத் துரத்திய பிறகுதான் இறங்கினார். வாங்கோ, இருங்கோ என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். மகிழ்ச்சியாக நீளமாக ஏதோ பதில் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அத்தோடு பேச்சு நின்றுவிட்டது.

நண்டுக் கறியும் பாரை மீன் பொரியலும் வைத்திருந்தேன். சம்மந்தி கொஞ்சமாகச் சாப்பிட்டார். நான் ஒன்று கேட்டால் மகன் அதைச் சிங்களமாக்குவான். அவர் ஒன்று சொன்னால் தமிழாக்குவான். நடுவில் எல்லாம் நல்லதாகவே மாறிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. அவர் நீளமாகச் சொன்னதற்கு மகன் "கறி நல்லாயிருக்காம்" என்றான். அவ்வளவு நீளத்துக்கு ஒரு கறி நன்றாக இருக்க முடியாது.

சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போனார்கள். கணவரை யாரோ இயந்திரத்துக்குக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் போனார், பாருங்கள். விறாந்தையில் நானும் சம்மந்தியும் மட்டும் மிஞ்சினோம்.

அவர் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். மகள் போன திசையையே பார்த்தார். குடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் கண் கலங்கியது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, காற்றில் தூசி விழுந்ததாகச் சைகை காட்டினார். நானும் ஓம் ஓம், காற்று என்று தலையாட்டினேன். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும்.

சொல்ல வேண்டிய நேரம் இதுதான். உங்கள் பிள்ளை எனக்கும் பிள்ளைதான். வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. மகன் படிப்பித்த வசனம் முழுவதும் காற்றோடு போய்விட்டது. தலைக்குள் தேடினேன். அங்கே ஒன்றே ஒன்றுதான் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சபதம் எடுத்தேனே, அதேதான். அதிலும் எனக்கு வேண்டியது பின்பாதி. பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம். ஆனால் பாடமாக்கினவளுக்கு நடுவிலிருந்து தொடங்க வருமா? விசுவாசப் பிரமாணத்தை நடுவிலிருந்து சொல்லச் சொல்லிப் பாருங்கள், கோயிலில் முன் வரிசையில் நிற்கிறவர்களே திக்குவார்கள். முதலிலிருந்து தொடங்கினால்தான் முடிவுக்கு வரலாம்.

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்து, நல்ல ஆறுதலாகக் கேட்டேன்.

"வஹலென் வத்துர பேரெனவத?"

சம்மந்தி அண்ணாந்து கூரையைப் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தகரத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிறுத்த முடியாத இடத்தில் நின்றிருந்தேன்.

"பய வென்ன எபா. அபி இன்னவா, ஒயத் எக்க."

அந்த மனிதர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, தாழ்த்துகிற இடத்தில் தாழ்த்தித்தான் சொல்லியிருக்கிறேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியாது. சம்மந்தியின் முகத்தில் ஏதோ ஓடியது. உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினார். பிறகு கையை எடுத்துவிட்டு, பெயின்ட் தகரத்தைத் தூக்கிக் காட்டுவது போல வெறுங்கையை உயர்த்தி, அந்த விளம்பரத்தின் கடைசியில் ஒரு பொம்பிளைக் குரல் பாடுகிற மெட்டைப் பாடினார். அந்த மெட்டு எனக்கும் தெரியும். நானும் பாடினேன். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து ஓய்ந்தபோது அவருடைய கண்ணில் மறுபடி தண்ணீர் நின்றது. இந்த முறை தூசி என்று காட்டவில்லை. என்னைப் பார்த்து, மகள் போன கடற்கரைப் பக்கம் கையைக் காட்டி, ஒரே சொல்லில் கேட்டார்.

"இன்னவாத?"

இருக்கிறீர்களா? அது எனக்கு விளங்கியது. எவரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

"அபி இன்னவா" என்றேன். கூரை இல்லாமல், நடுவிலிருந்து, தானாக வந்தது. அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். பிள்ளைகள் திரும்பி வரும்வரை விடவில்லை. மகள் வந்து என்ன நடந்தது என்று இரண்டு பேரையும் மாறி மாறிக் கேட்டாள். நாங்கள் சொல்லவில்லை. அன்று பின்னேரமே நாள் குறித்தோம்.

பிரீமியத்தை நான் நிறுத்திவிட்டேன். விளம்பரம் எனக்கு நல்லது செய்துவிட்டதே என்று விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை. நல்லது நடந்தது என்னாலும் சம்மந்தியாலும். அவர்கள் வாங்கின காசுக்குச் செய்தது களவு. கிரீடம் போய்விட்டது, ராசா திரும்பி வந்து தண்ணீருக்குள் நின்று கத்துகிறார். கத்தட்டும். இலவசத்தில் கத்துகிறவனிடம் கோபிக்க எனக்கு உரிமை இல்லை. சிங்களத்தை இப்போது மருமகளிடம்தான் படிக்கிறேன். அவள் என்னிடம் தமிழ் படிக்கிறாள். நல்ல பிள்ளை, ஆனால் வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கச் சொன்னால் சிணுங்குவாள்.

கல்யாணம் முடிந்து முதல் மாரியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் பார்த்தோம். பயப்பட வேண்டிய காய்ச்சல் இல்லை என்று மருந்து தந்து அனுப்பினார்கள். ஆனாலும் எனக்கு மனம் பதறியது. சுகமாக வந்த பிள்ளை என் வீட்டில் படுத்துக் கிடக்கிறாள். நான் என்ன வாக்குக் கொடுத்தேன்? பார்ப்பேன் என்றுதானே கொடுத்தேன்! வெளியே மழை விடாமல் பெய்தது. கூரைச் சீற் எங்கேயோ வெடித்திருக்க வேண்டும். வரவேற்பறையில் ஒரு மூலை ஒழுகத் தொடங்கி, நான் வாளியை வைத்திருந்தேன். மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் நித்திரை. அவளுடைய தொலைபேசி அடித்தது. சம்மந்தி.

காய்ச்சல் என்று மகன் காலையிலேயே அவருக்குச் சொல்லியிருந்தான். எடுத்துக் காதில் வைத்தேன். காய்ச்சல் என்பதற்குச் சிங்களம் தெரியும். மருந்து என்பதற்கும் தெரியும். பிள்ளை தூங்குகிறாள் என்பதும் படித்ததுதான். அவற்றை ஒரு வசனமாகக் கட்டப் பார்த்தேன், ஒன்றோடொன்று ஒட்டவில்லை. என் பக்கத்தில் வாளிக்குள் சொட்டு விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"வஹலென் வத்துர பேரெனவத?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"ஓம்" என்றேன். என் குரல் உடைந்துவிட்டது.

"பய வென்ன எபா" என்றார் சம்மந்தி. "அபி இன்னவா."

நான் வாளியைப் பார்த்துக்கொண்டு, ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.